பிழையான பாவனையும் துஷ்பிரயோகமும்: வீட்டிலும் வயலிலும் வேறுபடுத்தி அறிவது எப்படி?

ஒரே நாளில் ஒரே மாதிரியான பழுதுடன் இரண்டு நீர்ப்பம்பிகள் என் திருத்துமிடத்துக்கு வந்த பின்னர்தான் இந்த விடயத்தை நான் ஒழுங்காகச் சிந்திக்கத் தொடங்கினேன். இரண்டிலும் உள்ளே இருக்கும் சீல் கருகியிருந்தது. பம்பிக்குள் ஓடும் தண்ணீரே அந்தச் சீலைக் குளிர்விப்பதால், தண்ணீர் இல்லாமல் சிறிது நேரம் ஓடினாலே அது சூடேறிக் கருகிவிடும். முதலாவது பம்பியைக் கொண்டுவந்தவர் மட்டக்களப்பு வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரையில் தோட்டம் செய்பவர். அண்மையில்தான் அதை வாங்கியிருந்தார். இயக்குவதற்கு முன் பம்பிக்குள் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இரண்டாவது பம்பி வாடகைக்கு எடுக்கப்பட்டது. கிணறு வற்றிக்கொண்டிருப்பதைக் கண்ட பின்னரும், வாடகைச் சாமான்தானே என்று இரவு முழுவதும் ஓடவிட்டுவிட்டு உறங்கச் சென்றதாக, அதைக் கொண்டுவந்த இளைஞரே மறைக்காமல் கூறினார். பழுது ஒன்று, திருத்தும் செலவும் ஒன்று. ஆனால் முதலாமவருக்குத் தண்ணீர் நிரப்பும் முறையை ஐந்து நிமிடம் செய்து காட்டியதே போதுமாக இருந்தது. இரண்டாமவருக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை, ஏனெனில் அவர் அறியாதது எதுவும் அதில் இல்லை.

முதலாவது பிழையான பாவனை, இரண்டாவது துஷ்பிரயோகம். இவ்விரண்டையும் அன்றாடப் பொருட்களில் எவ்வாறு இனங்காண்பது, கண்ட பின் எதற்கு எதைச் செய்வது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

சொற்களிலிருந்து தொடங்குதல்

துஷ்பிரயோகம் என்னும் சொல் நமது காதில் பெரும்பாலும் சிறுவர் துஷ்பிரயோகம், அதிகார துஷ்பிரயோகம் என்ற பாரமான தொடர்களிலேயே விழுவதால், ஒரு மண்வெட்டிக்கோ ஒரு குளிசைக்கோ அச்சொல்லைச் சேர்க்க நமக்குத் தயக்கம் வருகிறது. அந்தத் தயக்கத்தினால் எல்லாவற்றையும் 'பிழையாகப் பாவித்துவிட்டார்கள்' என்ற ஒரே வாக்கியத்துக்குள் அடக்கிவிடுகிறோம். எங்கள் வீட்டில் முதியவர்களிடம் இந்தக் குழப்பம் இருந்ததில்லை. சுளகைத் தலைகீழாகப் பிடித்துப் புடைத்த பிள்ளைக்கு என் அம்மம்மா, "பிழையாப் பிடிக்கிறாய், இங்க தா, காட்டுறன்" என்பார். அதே சுளகை வேண்டுமென்றே காலால் மிதித்துச் சறுக்கி விளையாடினால் அவர் சொல் மாறிவிடும்: "அநியாயம் பண்ணாத மனே, மறுகா இது ஒண்டுக்கும் உதவாது." பிழை என்பதற்குச் சொல்லிக்கொடுத்தலும், அநியாயம் என்பதற்குத் தடுத்தலும் என்று அவர் வைத்திருந்த பிரிவைவிடத் தெளிவான ஒன்றை நான் இன்றுவரை கண்டதில்லை.

இதை வரையறையாக எழுத வேண்டுமாயின், ஒரு பொருளை அதற்குரிய முறையை அறியாமலோ, தவறாக விளங்கிக்கொண்டோ, கவனப் பிசகினாலோ கையாள்வது பிழையான பாவனை எனவும், முறையையும் விளையப்போகும் தீங்கையும் அறிந்துகொண்டே, தன் வசதிக்காகவோ இலாபத்துக்காகவோ அல்லது நட்டம் வேறொருவருக்குத்தானே என்ற எண்ணத்தினாலோ அதைக் கையாள்வது துஷ்பிரயோகம் எனவும் கூறலாம். இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை, அந்தச் செயலின் வடிவத்தில் இல்லை; செய்பவரின் அறிவில் இருக்கிறது. ஆகவே பழுதடைந்த பொருளை மட்டும் பார்த்து எவரும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது, கேட்டறிய வேண்டும்.

கேட்டறியும் முறை

பெரும்பாலானோர் முதலில் கேட்கும் கேள்வி 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்பதாகும். அது குற்றச்சாட்டைப் போல ஒலிப்பதால், கேட்கப்படுபவர் உடனே தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார்; உண்மை வெளியே வராது. அதற்குப் பதிலாக, 'இதை எப்படிப் பாவித்தீர்கள், தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள்' என்று கேளுங்கள். அறியாமல் செய்தவர் தான் செய்த பிழையையும் சேர்த்தே சொல்லிவிடுவார், ஏனெனில் அது பிழை என்பது அவருக்குத் தெரியாது. அறிந்து செய்தவரோ சரியாக அந்த இடத்தை மட்டும் தாண்டிச் சொல்வார். பல வருடத் திருத்துவேலையில் எனக்கு மிகவும் உதவிய அறிகுறி இதுதான்.

அடுத்து, நட்டத்தை யார் தாங்குகிறார் என்று பாருங்கள். தன் சொந்தப் பொருளைத் தானே கெடுத்துக்கொள்பவர் பெரும்பாலும் அறியாதவர். வாடகைப் பொருளையும் இரவல் பொருளையும் பொதுச்சொத்தையும் ஒருவர் தொடர்ந்து கெடுத்துவந்தால், அங்கே அறியாமையைத் தேடுவதற்கு முன் அலட்சியத்தைத் தேட வேண்டும். இறுதியாக, சரியான முறையைச் சொல்லிக்கொடுத்த பின் என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். முன்னைய இரண்டும் ஊகத்துக்கே இடம் தருகின்றன. இது ஊகத்தை நீக்கிவிடுகிறது. சொல்லிக்கொடுத்த பின்னும் அதே செயல் நிகழ்ந்தால் அது இனிப் பிழையான பாவனை அன்று.

இவற்றுக்கு நடுவே ஒரு வகையினர் இருக்கிறார்கள்: அறியாதவர்கள்தான், ஆனால் கேட்டறியக்கூடிய வாய்ப்பிருந்தும் கேளாதவர்கள். போத்தலின் சிட்டையில் தமிழில் அச்சிட்டிருப்பதை வாசிக்காமல் மருந்தைக் கலப்பவரை முழுமையாக அறியாதவர் என்று கூற என்னால் முடியவில்லை. முதல் தடவை அதைப் பிழையாகவே எடுத்துக்கொள்வேன். இரண்டாம் தடவைக்கு அந்தச் சலுகை கிடையாது.

எல்லை மாறும் கணம்: கல்லடியில் ஒரு கிணறு

அறிவு வந்து சேரும் கணத்தில் ஒரு செயலின் பெயர் மாறிவிடுகிறது என்பதை நான் என் சொந்தப் பிழையிலிருந்தே கற்றேன். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்ததன் பின்னர், கல்லடியில் என் மாமாவின் வளவிலிருந்த கிணறு உப்பாகிவிட்டது. இறைத்துக் கொட்டினால் உப்பு போய்விடும் என்ற நம்பிக்கையில் நானே பம்பியைக் கொண்டுபோய் நாள்தோறும் அடி காணும்வரை இறைத்தேன். தண்ணீர் மேலும் மேலும் கரித்தது.

நடந்தது இதுதான். நமது கரையோர மணலின் கீழே, மழையால் சேர்ந்த நன்னீர் ஒரு வில்லையைப் போல உவர்நீரின் மீது மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் பாரம் உவர்நீரின் பாரத்தைவிடச் சிறிதளவே குறைவாக இருப்பதால், கோட்பாட்டளவில் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். மேலே ஓர் அடியை இழந்தால் கீழேயிருந்து உவர்நீர் அதே கணக்கில் மேலெழ முனையும். கடல்நீர் புகுந்த கிணற்றைச் சுத்தம் செய்வதற்காகத் திரும்பத் திரும்ப இறைத்தபோது, கிழக்குக் கரையோரத்தில் எங்களைப் போன்ற பலர் கீழிருந்த உவர்நீரைத் தாமே மேலே இழுத்துக்கொண்டோம். ஒருமுறை குப்பையையும் சேற்றையும் அகற்றிவிட்டு, மாரி மழை உப்பைக் கழுவிச் செல்லும்வரை பொறுத்திருப்பதே செய்திருக்க வேண்டிய வேலை.

அது பிழையான பாவனை. அன்பினால் செய்யப்பட்டதென்பதால் கிணற்றுக்கு நேர்ந்த தீங்கு குறைந்துவிடவில்லை, எனினும் அது துஷ்பிரயோகமன்று. ஆனால் இக்காரணத்தை அறிந்த பின்னரும், காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரையுள்ள மணற்பாங்கான கரையில் ஒருவர் வலுக்கூடிய மோட்டரைப் பூட்டி, அயல் வளவுகளின் கிணறுகள் கரிக்கத் தொடங்கியதைக் கண்டும் தண்ணீரை இறைத்து விற்றுக்கொண்டிருப்பாராயின், அவர் செய்வது துஷ்பிரயோகம். அவரும் நானும் செய்தது ஒரே செயல்தான்: கிணற்றிலிருந்து அளவுக்கு மேல் இறைத்தோம்.

கரையோரத்தில் கிணறு வைத்திருப்போர் செய்யக்கூடியது எளிது. ஒரே மூச்சில் தொட்டியை நிரப்பாமல், காலையிலும் மாலையிலும் சிறிது சிறிதாக இறையுங்கள்; உறிஞ்சும் குழாயின் முனையைக் கிணற்றின் அடியில் வைக்காமல் மேலே உயர்த்திக் கட்டுங்கள்; கோடையில் தண்ணீரைச் சுவைத்துப் பார்த்து, சிறிது கரித்தாலும் சில நாட்களுக்கு மோட்டரை நிறுத்தி வாளியால் அள்ளுங்கள்.

வேறு தேவைக்குப் பாவிப்பதெல்லாம் பிழையாகாது

ஒரு பொருளை அது செய்யப்பட்ட நோக்கத்துக்கு வெளியே பாவிப்பதையே பிழையான பாவனை என்று எண்ணுவோர் உண்டு. அவ்வாறாயின் நம் வீடுகளில் பாதிப் பொருட்கள் பிழையாகவே பாவிக்கப்படுகின்றன. பழஞ்சேலை ஏணையாகிறது, கிழிந்த மீன்வலை கீரைப்பாத்தியைக் கோழிகளிடமிருந்து காக்கிறது, சிரட்டை அகப்பையாகிறது. இவற்றில் பொருளும் கெடவில்லை, பாவிப்பவருக்கும் தீங்கில்லை. இது கைத்திறமை. இதைக் கண்டிக்கும் எந்த வரையறையும் ஏழை வீட்டைக் கண்டிக்கும் வரையறையாகிவிடும் என்பதால், இதனை நான் அழுத்திச் சொல்கிறேன்.

எனினும் இந்தக் கைத்திறமைக்கும் ஓர் எல்லை உண்டு: மாற்றப்பட்ட பயன், அதை அறியாத இன்னொருவரை ஏமாற்றக் கூடாது. குளிர்பானப் போத்தலில் மண்ணெண்ணெயையோ களைநாசினியையோ ஊற்றி வைப்பது இந்த எல்லையை மீறுகிறது, ஏனெனில் தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது இன்னமும் குளிர்பானப் போத்தல்தான். இதைச் செய்யும் வீடுகளில் பெரும்பாலானவை தீய எண்ணத்துடன் செய்வதில்லை. வேறு போத்தல் இல்லாமலேயே செய்கின்றன. பிள்ளை மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்கக் கூடாது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். வாந்தியெடுக்கும்போது அது நுரையீரலுக்குள் செல்லக்கூடும் என்பதால், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே சரி. கிருமிநாசினி வெறும்போத்தலை மூன்று தடவை அலசி, அலசிய நீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றிவிட்டு, போத்தலின் அடியைக் குத்தித் துளையிட்டுவிடுங்கள். துளையிட்ட போத்தலில் யாரும் எதையும் ஊற்றி வைக்க மாட்டார்கள்.

வயலில்

அறுவடை முடிந்த காலங்களில் என்னிடம் அதிகமாக வருபவை தோளில் சுமக்கும் 16 லீற்றர் தெளிகருவிகள். அவற்றின் நொசில் துளை பல தடவைகளில் பெருத்துக் காணப்படும். அடைத்துக்கொண்ட துளையைக் கம்பியால் குத்தி எடுப்பதால் இது நேர்கிறது. பெருத்த துளை ஒவ்வொரு அடிக்கும் கூடுதலான மருந்தைக் கொட்டும். ஆகவே சிட்டையில் சொல்லப்பட்டபடி சரியாகக் கலந்த விவசாயியும் தன்னையறியாமலே அளவுக்கு மேல் அடித்துக்கொண்டிருப்பார். வாயால் ஊதிச் சுத்தம் செய்வோரும் இருக்கிறார்கள். அது உடலுக்குக் கேடு. மென்மையான பழைய பற்தூரிகையாலும் தண்ணீராலும் சுத்தம் செய்யுங்கள். துளை பெருத்துவிட்டால் நொசிலை மாற்றுங்கள். மருந்தைப் போத்தல் மூடியால் அளப்பதும் இதே வகையான பிழை, ஏனெனில் மூடிகள் ஒரே அளவானவை அல்ல. ஊசி நீக்கிய ஒரு சிரிஞ்சைத் தெளிகருவியோடு கட்டி வைத்து அதனால் மட்டும் அளந்தால், கணக்குத் தப்பாது.

அளவைக் கூட்டினால் பூச்சி கூடுதலாகச் சாகும் என்ற எண்ணமும் அறியாமையிலிருந்து வருவதே. நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான அறக்கொட்டி விழுந்த வயலில் அது நேர்மாறாகவே முடிவதுண்டு. அறக்கொட்டியைத் தின்னும் சிலந்திகளும் வண்டுகளும் அந்த மருந்தில் முதலில் செத்துவிட, நெற்பயிரின் அடித்தட்டில் தப்பியிருந்த அறக்கொட்டி தடுப்பாரின்றிப் பெருகுகிறது. யூரியாவை அள்ளி வீசிய வயலில் இந்தப் பெருக்கம் இன்னும் வேகமாகும். இக்காரணத்தை ஒரு வட்டைக்குள், அதாவது ஒரு வயல்வெளிக்குள், இரண்டு மூன்று பேருக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினால், அடுத்த போகத்தில் மற்றவர்களின் கையும் தானாக அடங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

வயலில் துஷ்பிரயோகம் என்பது வேறு. மறுநாள் காலையில் சந்தைக்குப் போகவிருக்கும் கத்தரிக்காய்க்கு, பறிப்பதற்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்களை அறிந்தும் முதல்நாள் மாலையில் மருந்தடிப்பது துஷ்பிரயோகம். அதை உண்பவர்களின் முகம் அடிப்பவருக்குத் தெரியாது என்பதே அவருக்கு அந்தத் துணிவைத் தருகிறது. தெளிகருவியைக் கழுவிய நீரை, கீழே ஆட்கள் குளிப்பதைத் தெரிந்துகொண்டே வாய்க்காலில் ஊற்றுவதும் அவ்வாறே.

பிழைக்கும் துஷ்பிரயோகத்துக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தால் என்னவாகும் என்பதற்கு 2021 ஆம் ஆண்டை எங்கள் மாவட்டங்களில் எவரும் மறந்திருக்க முடியாது. இரசாயன உரம் மட்டுமீறிப் பாவிக்கப்பட்டு மக்களின் ஆரோக்கியம் கெடுகிறது என்ற காரணம் கூறி, அவ்வாண்டு மே மாதத்தில் அதன் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. அந்தப் போகத்தின் விளைச்சல் பெருமளவு வீழ்ந்தது. மண்ணைப் பரிசோதித்து, தேவையான அளவைத் தேவையான நாளில் இடுவதற்குக் கற்றுக்கொடுத்துத் திருத்தியிருக்க வேண்டிய ஒரு பிழையை, பொருளையே பறித்துக்கொள்வதன் மூலம் தண்டித்தார்கள் என்பதே என் கருத்து.

குளிசைகள்

இங்கே பிழையின் விலை அதிகம் என்பதால், அறியாமையைப் பொறுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. 500 மில்லிகிராம் பரசிட்டமோல் குளிசையை வளர்ந்தவர் ஒருவர் 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் குறைந்தது நான்கு மணித்தியாலமாவது இருக்க வேண்டும். மீறினால் பாதிக்கப்படுவது ஈரல். தடிமனுக்கு வாங்கும் பல குளிசைகளுக்குள்ளும் பரசிட்டமோல் சேர்ந்திருப்பதை அறியாமல், இரண்டையும் சேர்த்து விழுங்குவதே வீடுகளில் நான் அடிக்கடி காணும் பிழை. டெங்கு பரவும் மாரி காலத்தில் காய்ச்சலுக்கு ஐபுபுரோபன், டைக்குளோபெனக், அஸ்பிரின் ஆகியவற்றை எடுப்பது இரத்தக்கசிவை மோசமாக்கக்கூடும் என்பதையும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். வைரசினால் வரும் தடிமனை அன்டிபயோட்டிக் மாற்றாது. சென்ற தடவை மிஞ்சிய நான்கு குளிசைகளை அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பவர் உதவி செய்வதாகவே எண்ணுகிறார்; அவருக்குக் கோபத்தைக் காட்டாமல் காரணத்தைச் சொல்லுங்கள்: அரைகுறையாகவும் தேவையின்றியும் பாவிக்கப்படும் ஒவ்வொரு தடவையும், அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக வழி கிடைக்கிறது.

நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் வைத்தியர்கள் எழுதிக்கொடுக்கும் பிரகபலின் போன்றவற்றை மயக்கத்துக்காக இளைஞர்களிடம் விற்பது துஷ்பிரயோகம் என்பதில் எவருக்கும் ஐயமிராது. ஆனால் அதை விழுங்கும் பிள்ளையையும் விற்பவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பழக்கத்துக்கு அடிமையான ஒருவருக்கு அறிவு இருந்தும் தன்னை நிறுத்தும் வலு இல்லாமற்போகிறது. நான் மேலே வகுத்த எல்லை இவ்விடத்தில் போதாது; அவருக்குத் தேவை வைத்தியம்.

மின்சாரமும் வெடியும்

13 அம்பியர் செருகி ஒன்று 230 வோல்ற்றில் தாங்கக்கூடியது ஏறத்தாழ 3000 வாட். ஒரே மல்டி பிளக்கில் கேத்தலையும் ஸ்திரிக்கைப்பெட்டியையும் சேர்த்துச் செருகினால் அந்த எல்லையைத் தொட்டுவிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. கணக்கைச் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள். ஆனால் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்று அதை இணைப்பிலிருந்து நீக்கி நேரடியாக வயரைப் பூட்டுவது, காவலாளியைக் கட்டிப்போட்டுவிட்டு உறங்குவதற்கு ஒப்பானது. அது ஏன் விழுகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள்; மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள்.

யானை வரும் ஊர்களில் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. முறையான யானை வேலியில் மின்சாரம் கணநேரத் துடிப்புகளாக, விட்டுவிட்டுப் பாய்கிறது. அது அதிர்ச்சி தந்து விரட்டும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் இணைத்தால் அது விட்டுவிட்டுப் பாய்வதில்லை. தொட்ட யானையும் மாடும் மனிதரும் அதிலிருந்து மீளாமல் இறக்கிறார்கள். அதை இணைப்பவர் இதை அறியாதவர் அல்லர், ஏனெனில் தன் பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று அவரே எச்சரித்திருப்பார். யானையை விரட்டுவதற்காக வனசீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் யானை வெடியைக் கலியாண வீட்டில் கொளுத்துவது பொறுப்பற்ற பிழை; அதே மாதிரியான வெடிமருந்தைப் பழத்துக்குள் மறைத்து, கடிக்கும் விலங்கின் வாயில் வெடிக்கும் ஹக்கபட்டாஸ் செய்வதும், வாவியிலும் கடலிலும் மீனுக்கு வெடி போடுவதும் துஷ்பிரயோகம் மட்டுமன்றிச் சட்டப்படி குற்றமுமாகும்.

பொதுவானவற்றில்

அம்புலன்ஸ் தேவைப்படும்போது 1990 க்குப் பதிலாக பொலிஸின் 119 ஐ அழைப்பது பிழை. பஸ் தவறிவிட்டதென்று நோய் இருப்பதாகச் சொல்லி 1990 ஐ வரவழைப்பது துஷ்பிரயோகம், ஏனெனில் அந்நேரத்தில் அந்த வண்டி வேறெங்கோ ஒருவரின் மூச்சுக்காக ஓடியிருக்க வேண்டும்.

வாய்க்கால் தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரவில் மதகைத் திறந்து முறையின்றித் தண்ணீரைப் பாய்ச்சும் விவசாயியைத் திருடன் என்றே நாம் அழைக்கிறோம். கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையிலும் மதகுகள் உடைந்தும், தண்ணீர் கடைப்பக்கத்தை எட்டாமலும் இருந்த காலத்தில், விவசாயிகளைப் பற்றி அதிகாரிகளுக்கு இருந்த எண்ணமும் அதுவாகவே இருந்தது. 1981 இல், அத்திட்டத்தின் நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரம் கால்வாசி அளவே நிரம்பியிருந்த வரட்சியான காலத்தில், கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து இளம் அமைப்பாளர்களை அந்த ஊர்களுக்கு அனுப்பின. அவர்கள் விவசாயிகளோடு தங்கியிருந்து, ஒவ்வொரு வாய்க்காலிலும் உள்ளவர்களைக் கூட்டி, தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே போகாமலிருக்கிறது என்று பேசவைத்தார்கள். தலைப்பக்கத்துச் சிங்கள விவசாயிகள் தமது தண்ணீரை மிச்சம் பிடித்துக் கடைப்பக்கத்துத் தமிழ் விவசாயிகளுக்கு விட்டுக்கொடுத்த நிகழ்வுகளும் அப்போது நடந்தன. துஷ்பிரயோகமென்று எல்லோரும் தீர்மானித்திருந்த ஒன்றின் பெரும்பகுதி, அடுத்தவரின் வயல் காய்வதைக் காணாததாலும், தண்ணீர் திரும்ப வராதோ என்ற அச்சத்தாலும் விளைந்த பிழையாகவே இருந்திருக்கிறது. ஆகவே ஒரு கூட்டத்தினர் முழுவதையும் துஷ்பிரயோகம் செய்பவர்கள் என்று கூற முற்படும்போது, நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் நமது வட்டை விதானைமாரும் விவசாயிகள் அமைப்புகளும் முதலில் அவர்களை வாய்க்காலின் கடைசிவரை நடத்திச் சென்று காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதைக் கண்ட பின்னரும் இரவில் மதகைத் திறப்பவர் யாரென்பது தானாகவே தெரிந்துவிடும். அவருக்குப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்ட தண்டத்தைத் தயங்காமல் விதிக்கலாம்.

இரவல் கொடுக்கும்போது

பிழைக்குச் செய்ய வேண்டியது, பொருளைக் கையில் கொடுத்து, சரியான முறையை ஒருமுறை நீங்கள் செய்து, பின் அவரைச் செய்யவைத்துப் பார்ப்பதாகும். வாயால் சொல்வது போதாது. ஏசுவது இன்னும் தீங்கு. ஏச்சு வாங்கிய பிள்ளை அடுத்த தடவை பொருளைச் சரியாகப் பாவிப்பதற்குப் பதிலாக, உடைந்ததை மறைத்து வைக்கவே கற்றுக்கொள்கிறது. அவ்வாறு மறைக்கப்பட்ட வெடித்த வயரும் கசியும் காஸ் குழாயும் வீட்டையே எரித்துவிடக்கூடும். துஷ்பிரயோகத்துக்குச் செய்ய வேண்டியது விளக்கமன்று. பொருளை அவர் கையிலிருந்து எடுத்தல், நட்டத்தை அவரே தாங்கும்படி செய்தல், பிறருக்கு ஆபத்து இருப்பின் உரிய இடத்தில் முறையிடுதல் என்பனவே.

நான் இப்போது எந்தப் பம்பியையும் தெளிகருவியையும் இரவலாகவோ வாடகையாகவோ கொடுப்பதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்கிறேன். எடுப்பவர் முன்னிலையில் அதை ஒருமுறை இயக்கிக் காட்டுகிறேன். அதைக் கெடுக்கக்கூடிய செயல் எது என்பதை, பம்பியாயின் தண்ணீரின்றி ஓடவிடுவது என்றும், தெளிகருவியாயின் நொசிலைக் கம்பியால் குத்துவது என்றும், ஒரே வாக்கியத்தில் தமிழில் எழுதி அதன் உடம்பிலேயே ஒட்டிவிடுகிறேன். திரும்பக் கொண்டுவரும்போது பழுது ஏதும் இருந்தால் மறைக்காமல் சொல்லும்படியும், சொன்னால் திருத்துகூலியில் பாதியை நான் ஏற்பேன் என்றும் கூறி, அவருடைய பெயரையும் திகதியையும் கொப்பியில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்கிறேன். ஒட்டிய எழுத்து மழையில் அழிந்துவிடாதபடி அதன் மேல் அகலமான ஒட்டுநாடாவைச் சுற்றிவிட வேண்டும்.